கோணூசிக்கு விடுப்புக் கடிதம்

ஆகஸ்ட் 24

ஆவணி முகூர்த்தம். மணமகன் அறையில் தண்ணீர் வரவில்லை, மணமகள் அறையில் தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு குழாயையும் போன வாரம் பார்த்தது ஒரே பிளம்பர். மண்டப மேனேஜர் என்ற முறையில் இரு வீட்டாரிடமும் சமமாகத் திட்டு வாங்கினேன். பாரபட்சம் காட்டவில்லை.

இந்த டைரி சிமெண்ட் ஏஜென்ட் கொடுத்தது. எட்டு மாதம் சும்மா கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மண்டபத்து லேப்டாப். அது என் மகன் கைலாசத்தின் பழைய லேப்டாப். சித்திரையில், இனி எனக்குத் தேவைப்படாது, புக்கிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தான். அதில் மண்டபத்து மெயில் பெட்டியும் இருக்கிறது, அவன் மூடாமல் விட்ட அவனுடைய பெட்டி ஒன்றும் இருக்கிறது. இத்தனை நாள் அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. இன்று பார்த்தால் நாற்பது கடிதம் வந்து கிடக்கிறது. எல்லாவற்றிலும் கோணூசி, கோணூசி என்றே தலைப்பு.

கோணூசி என்றால் எனக்குத் தெரியும். பெயர் வைத்தவனே நான்தான்.

ஆகஸ்ட் 27

பந்தல்காரன் வந்து வாழைமரத்தை எடுத்துப் போனான். குப்பையை எடுக்கவில்லை. பந்தல்காரனுக்கும் துப்புரவுக்காரருக்கும் நடுவே உள்ள பொருள் எப்போதும் என்னுடையது.

கைலாசம் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது எழுதியது கோணூசி. உலகத்தில் சில பேர் சம்பளம் வாங்காமல் மென்பொருள் எழுதுகிறார்கள். வேறு சில பேர், அவர்களுக்கும் சம்பளம் கிடையாது, அதையெல்லாம் மூட்டை மூட்டையாகக் கட்டி, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைக்கிறார்கள். அந்த மூட்டையின் வாயைத் தைத்து மூடுகிற கருவிதான் இவன் எழுதியது. என்னப்பா பெயர் வைக்கலாம் என்று கேட்டான். சாக்குமூட்டை தைப்பது கோணூசி, வேறென்னல வைப்பாக என்றேன். வைத்துவிட்டான். நூற்றுக்கு மேற்பட்ட மூட்டைகளை இன்றைக்கு அதை வைத்துத்தான் தைக்கிறார்களாம். போலந்துக்காரர்கள் அந்தப் பெயரை எப்படி உச்சரிக்கிறார்கள் என்று நினைத்தால் தனியாக இருக்கும்போதும் சிரிப்பு வருகிறது.

நான் பிளஸ் டூவில் கணக்கில் போய், அக்டோபரில் திரும்ப எழுதி, அதிலும் போய், அடுத்த மார்ச்சில் எப்படியோ தேறியவன். நாற்பது இங்கிலீஷ் கடிதத்தைப் படிக்க எனக்கு வழியில்லை. ஆனால் லேப்டாப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் தமிழாகிறது. கிட்டத்தட்டத் தமிழ்.

தகராறு இதுதான். கோணூசியில் ஒரு ஓட்டை. மூட்டைக்குள் வேண்டாத சரக்கை ஒருவன் ஒளித்து வைத்தால் கோணூசி கண்டுகொள்ளாமல் தைத்துவிடுகிறது. இரண்டு வருடமாக யார் கண்ணிலும் படாத ஓட்டை, இப்போதுதான் பட்டிருக்கிறது. பொறுப்பாளருக்கு எழுதினால் பதில் இல்லை. பொறுப்பாளர் என்றால் கைலாசம்.

மூட்டை கட்டுகிற ஆட்கள் இரண்டு கட்சி. யோர்கன் என்று ஒருவர், டென்மார்க்கில் இருக்கிறார். கவனிக்க ஆளில்லாத கருவியைத் தூக்கி எறி, புதுசு எத்தனையோ இருக்கிறது என்பது அவர் கட்சி. ஹலினா என்று ஒரு அம்மா, போலந்து. நல்ல கருவி, பொறுப்பை என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவர் கட்சி.

அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. பொறுப்பாளருக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்து மூன்று வாரம் பார்ப்பார்கள். பதில் இல்லையென்றால் கருவி அநாதை என்று அறிவித்துக் கேட்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். அநாதை என்றுதான் பொத்தான் சொல்கிறது. பெயர் வைத்த தாத்தா நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன்.

அறிவிப்பு ஆகஸ்ட் இருபதாம் தேதியே வந்துவிட்டது.

ஆகஸ்ட் 29

கைலாசம் சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறான். தை மாதத்திலிருந்து வீட்டிலிருந்தே வேலை. காலை பத்து மணிக்குக் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கம்பெனி கொடுத்த லேப்டாப் பங்குனியில் கூரியரில் போயிற்று. பழுது பார்க்க வாங்கிப் போயிருப்பார்கள். இன்னும் திரும்பி வரவில்லை. பெரிய கம்பெனி, பழுதும் பெரிதாக இருக்கும். பழைய லேப்டாப் மண்டபத்தில் என்னிடம் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் எதில் வேலை பார்க்கிறான் என்று நான் கேட்டதில்லை.

இன்று சாப்பிடும்போது கோணூசி எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையை விசாரிப்பது போல.

“அத விடுங்கப்பா” என்றான்.

விட்டேன். அவன் தயிர் வேண்டாம் என்று எழுந்துவிட்டான். அவன் அம்மா வடிவு என்னைப் பார்த்தாள். முப்பது வருடமாக அந்தப் பார்வையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பொத்தான் தேவையில்லை.

செப்டம்பர் 3

ஜெனரேட்டருக்கு டீசல். கொசு மருந்து. போலந்திலிருந்து கடிதம் இல்லை.

செப்டம்பர் 9

நாளையோடு மூன்று வாரம் முடிகிறது. கோணூசியை எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். காலையிலிருந்து வேலை ஓடவில்லை. சென்னை கம்பெனியில் கைலாசத்தின் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கோணூசியில் இருக்கிறது. திறந்தால் முதல் வரியே அவன் பெயர். அதையும் ஒருவர் எடுத்துக்கொண்டால் அந்த அறைக்குள் சட்டை மட்டும்தான் உட்கார்ந்திருக்கும்.

இருபத்தாறு வருட மண்டபத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். தேதியைப் பிடித்து வைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் வருவாரோ மாட்டாரோ, ஒரு துண்டைப் போட்டு இடத்தைப் பிடித்து வைத்தால் அடுத்தவருக்குப் போகாது. மீதி பிறகு பேசிக்கொள்ளலாம்.

இங்கிலீஷில் நான் பிழையில்லாமல் எழுதக்கூடிய இலக்கியம் ஒன்று உண்டு. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த லீவ் லெட்டர். அவன் பெட்டியிலிருந்து அதை அடித்து அனுப்பினேன். மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் கடும் காய்ச்சல் இருப்பதால் ஒரு வாரம் விடுப்பு அளிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன், கைலாசம்.

அனுப்பிய பிறகுதான் மாணவன் என்பதை எடுக்காமல் விட்டது தெரிந்தது.

செப்டம்பர் 10

விடுப்பு கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில்லை.

ஹலினா எழுதியிருக்கிறார்: நாம் எல்லோருமே மாணவர்கள்தான், நன்றாக ஓய்வெடுங்கள், சூடாக ஏதாவது குடியுங்கள். யோர்கன் ஒரே வரி: பொறுப்பாளர் பதில் கொடுத்துவிட்டார், அறிவிப்பு ரத்து.

ரத்து என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் அல்வா வாங்கினேன். என்ன விசேஷம் என்றாள் வடிவு. ஒருவருக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டது என்றேன்.

செப்டம்பர் 18

புரட்டாசி பிறந்துவிட்டது. கல்யாணம் கிடையாது. மண்டபத்தில் நானும் புறாவும். புறாவை விரட்ட முதலாளி வலை போடச் சொல்லியிருக்கிறார்.

காய்ச்சல் விடுப்பு முடிந்துவிட்டது. யோர்கன் கேட்கிறார், ஓட்டையை எப்போது அடைப்பீர்கள் என்று. எங்கள் வாத்தியார் மூன்று காரணம்தான் சொல்லிக்கொடுத்தார். காய்ச்சல், அக்கா கல்யாணம், மாமா சாவு. வரிசையை மாற்றுவது மரபல்ல.

அக்கா கல்யாணத்தை முன்னிட்டு இரண்டு வாரம் என்று எழுதினேன். கைலாசத்துக்கு அக்கா கிடையாது. மாணவன் என்பதை இந்த முறை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 20

வாழ்த்துகள். பிரேசிலிலிருந்து ஒருவர், கனடாவிலிருந்து ஒருவர், எந்த ஊர் என்று தெரியாத ஒருவர். இந்தியக் கல்யாணம் பார்த்ததில்லை, ஒரு படம் அனுப்ப முடியுமா என்று ஹலினா கேட்டிருந்தார். இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆவணியில் எடுத்த மண்டப வாசல் படத்தை அனுப்பினேன். வாழைமரம், தோரணம், சீரியல் விளக்கு. அக்காவுக்குச் செலவு அதிகமாகியிருக்கும் போலத் தெரிந்தது.

கைலாசம் இரண்டு நாளாக இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே வரவில்லை. வடிவு தட்டைக் கதவருகே வைக்கிறாள். தட்டு காலியாகத் திரும்பி வருகிறது. அதுவரைக்கும் நல்லது என்கிறாள்.

செப்டம்பர் 27

புறா வலை போட்டார்கள். புறா உள்ளே மாட்டிக்கொண்டது. வலையைப் பிரித்து, புறாவை வெளியே விட்டு, மறுபடி போட்டார்கள். இந்த முறை இரண்டு.

அக்டோபர் 3

யோர்கன் ஒரு பெரிய கடிதம் எழுதியிருக்கிறார். அக்டோபர் பதினைந்தாம் தேதியோடு கதவைச் சாத்துகிறார்களாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மூட்டைகளையெல்லாம் சரிபார்த்து மொத்தமாக வெளியிடுவார்கள். சாத்துவதற்குள் ஓட்டை அடைபடாத கருவி எதுவும் உள்ளே போகாது. கோணூசி போகாது, கோணூசியை நம்பி இருக்கிற மூட்டைகளும் போகாது. அந்த மூட்டைக்காரர்கள் எல்லாரும் ஒரு பதிலுக்காக நிற்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடுமையாக இல்லை. அலுத்துப்போன ஆள் எழுதியது மாதிரி இருந்தது.

எனக்கு உறுத்தியது. ஆனால் துண்டை எடுத்துவிட்டால் இடம் போய்விடும். தாய்மாமன் காலமாகிவிட்டார், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை விடுப்பு வேண்டும் என்று அனுப்பினேன். இதோடு வாத்தியார் சொல்லிக்கொடுத்தது தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 5

ஏழு நாட்டிலிருந்து அனுதாபம். யோர்கனும் எழுதியிருக்கிறார், தன்னுடைய மாமாதான் தனக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்தார் என்று.

மத்தியானம் வேலாயுதம் சாப்பிட வந்தான். வடிவின் தம்பி, அதாவது கைலாசத்தின் தாய்மாமன், ஒரே தாய்மாமன். புளிமிளகாயை இரண்டு தரம் கேட்டு வாங்கினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“என்னத்தான் அப்படிப் பாக்கிய?”

“நல்லாத்தான இருக்க மாப்ள?”

“எனக்கென்ன” என்று மோரை எடுத்து ஊற்றிக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, பயலுக்குப் பெண் பார்க்க ஆரம்பிக்கலாமே, கம்பெனி பெயரைச் சொன்னாலே வரிசையில் நிற்பார்களே என்றான். கதவு சாத்தியிருந்தது. வேலையில் இருக்கிறான், சத்தம் போடாதே என்றேன்.

அக்டோபர் 11

ஹலினா எனக்கு, அதாவது கைலாசத்துக்கு, தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பொத்தானை அழுத்திப் படித்ததை இங்கே என் தமிழில் எழுதி வைக்கிறேன்.

உங்கள் துக்கத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். ஓட்டையை அடைக்கிற வேலையை நான் ஆகஸ்டிலேயே முடித்து வைத்திருக்கிறேன். அதைச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை, அது உங்களிடம் இருக்கிறது. நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் செப்டம்பரிலேயே பொறுப்பு எனக்கு வந்திருக்கும், கோணூசி இந்நேரம் பிழைத்திருக்கும். நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் போதும். இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யோர்கன் உங்களை வைக்கோல்போர் மேல் படுத்த நாய் என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் நாலு நாள்தான் இருக்கிறது.

டென்மார்க்கிலும் வைக்கோல்போர் இருக்கிறது, அதன் மேல் நாய் படுக்கிறது. இது எனக்குப் புது விஷயம்.

நாய் கைலாசம் இல்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு, ஆளைக் கூட்டிவரப் போனவன் ஆளோடு திரும்பவே இல்லை. பக்கத்தில் ஒரு அம்மா கைப்பிள்ளையோடு நின்றுகொண்டே வருகிறார். பேருந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. இதுதான் நான் செய்திருப்பது.

அக்டோபர் 12

காலையில் மூன்று முறை கதவுவரைக்கும் போய்த் திரும்பினேன். வீட்டில் சொல்ல முடியாது என்று தெரிந்தது. மண்டபத்துக்கு வந்து அங்கிருந்து போன் செய்தேன், லேப்டாப் மக்கர் பண்ணுகிறது, ஆபீஸ் நேரத்தில் கொஞ்சம் வரமுடியுமா என்று. முடியும் என்றான். தேய்த்த சட்டையோடு வந்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, பக்கத்தில் டீயையும் வைத்துவிட்டு, நான் நாலு மேஜை தள்ளி உட்கார்ந்துகொண்டேன். மேல் கடிதத்திலிருந்து கீழே படித்துக்கொண்டே போனான். டீயில் ஆடை கட்டிவிட்டது.

“யாருப்பா லீவு கேட்டது?”

“நாந்தான்.”

“யாருக்கு?”

“உனக்குத்தான்.”

திரும்பவும் படித்தான்.

“அக்கா கல்யாணத்துக்கு போட்டோ வேற அனுப்பிருக்கிய.”

“அந்தம்மா கேட்டாகல்லா.”

“மாமா செத்துட்டாகளா?”

“முந்தின வாரந்தான் வந்து புளிமொளகா தின்னுட்டுப் போனான்.”

சிரித்துவிட்டான். அவன் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது சிரிப்பு மாதிரி இல்லாமல் போய்விட்டது. நான் எழுந்து பெரிய மின்விசிறியைப் போட்டேன். அது நிறையச் சத்தம் போடும், யாருக்கும் யாரும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து அதை நிறுத்தினான்.

“எனக்கு வேல போயிட்டுப்பா. தை மாசமே.”

“தெரியும்.”

“எப்பம்?”

“பங்குனியில. கூரியர்காரன் பெட்டிய வாங்கிட்டுப் போனான்லா.”

“ஏன் கேக்கல?”

“நீ சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்த. எப்படிக் கேக்க?”

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். பங்குனியில் நான் போய் அவளிடம் சொன்னபோது அவளுக்கு அது மாசியிலேயே தெரிந்திருந்தது என்றேன். வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்தான், வழக்கம் போல.

கோணூசியை ஏன் திறக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். வேலையில் இருந்தபோது ஆபீஸ் முடிந்து வந்து அதைத்தான் பார்ப்பானாம், களைப்பே தெரியாதாம். வேலையை விட்டு எடுத்த பிறகு ஒரு முறை திறந்தான். நாலு வரி படித்ததும் மூடிவிட்டானாம். பிறகு திறக்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை.

“குடுத்திருக்கலாம்லா ஆளுக்கு?”

“அதையுங் குடுத்துட்டா எம்பேரு எங்கப்பா இருக்கு?”

நானும் அதையேதான் நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆறிப்போன டீயை எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வேறு போட்டுக் கொண்டுவந்தேன். நான் வருவதற்குள் அவன் எழுத ஆரம்பித்திருந்தான்.

எழுதி முடித்துத் தமிழில் சொல்லிக் காட்டினான். கடைசி மூன்று கடிதமும் நான் எழுதியவை அல்ல. எனக்குக் காய்ச்சல் இல்லை, அக்கா இல்லை, மாமா நலமாக இருக்கிறார். எனக்கு வேலை போய்விட்டது, கோணூசியைப் பார்க்க என்னால் முடியவில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஹலினாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

வேலை போனதை ஊருக்கெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்டேன். டென்மார்க் நம்ம ஊர் இல்லப்பா என்றான். யார் எழுதியது என்று போடவில்லையே என்றேன். அது எதற்கு என்று அனுப்பிவிட்டான்.

அக்டோபர் 13

முடிந்தது என்று நினைத்தோம். யோர்கன் இன்னொரு வெடியை வைத்திருந்தார்.

உங்கள் கடிதங்களை வேறொருவர் எழுதியிருக்கிறார் என்றால், உங்கள் பெட்டி வேறொருவர் கையில் இருந்திருக்கிறது. அப்படியானால் நேற்றைய கடிதத்தை எழுதியது நீங்கள்தான் என்று நாங்கள் எப்படி நம்புவது? பொறுப்பைக் கைமாற்றித் திருட்டுச் சரக்கை நுழைப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள். விசாரித்து முடியும்வரை கைலாசத்தின் கணக்கு முடக்கப்படுகிறது. கைமாற்றமும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

சொல்வது நியாயமா என்று கைலாசத்தைக் கேட்டேன். “நானா இருந்தாலும் இதத்தாம்ப்பா செஞ்சிருப்பேன்” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. வேலை பார்க்கிற ஆளின் முகம். ஒன்பது மாதமாகப் பத்து மணிக் கதவுக்குப் பின்னால் அது இல்லை.

ஆகமொத்தம், சர்வதேசக் கொள்ளைக்காரன் என்று சந்தேகிக்கப்பட்ட முதல் கோவில்பட்டி மண்டப மேனேஜர் நான்.

அக்டோபர் 14

மண்டபத்துப் பெட்டியிலிருந்து, என் சொந்தப் பெயரில், ஒரு கடிதம் அனுப்பினேன். கைலாசம் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். அவர்களிடமும் பொத்தான் இருக்கும்.

அந்த மூன்று கடிதமும் எழுதியவன் நான், கைலாசத்தின் அப்பா. அவனுக்குத் தெரியாது. அவன் பெயர் போய்விடக் கூடாது என்று இடம் பிடித்து வைத்தேன். நின்றுகொண்டிருந்தவர்களை நான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. இவ்வளவுதான். பணிவன்புடன் என்று எழுதவில்லை, கீழ்ப்படிதலும் இல்லை. எழுதி முடித்துப் பார்த்தால் என் வாழ்நாளில் சாக்குச் சொல்லாமல் எழுதிய முதல் கடிதம் இதுதான்.

அக்டோபர் 15

கதவைச் சாத்திவிட்டார்கள். கோணூசி வெளியே.

அக்டோபர் 17

விசாரணைக் கூட்டம் போனில் நடந்தது. கைலாசத்தின் முகத்தைப் பார்த்துப் பேசி, அடையாள அட்டையைப் பார்த்து, பழைய கேள்விகள் கேட்டுத் திருப்திப்பட்டார்கள். என் முகத்தையும் பார்க்க வேண்டும் என்றார்களாம். சவரம் செய்யாமல் போய் உட்கார்ந்தேன். ஹலினா என் வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மாட்டியிருக்கிறார். வணக்கம் சொன்னேன், சொன்னார். யோர்கன் சின்னப் பையன். நான் என்னவோ தாடி வைத்த பெரியவராக நினைத்துவிட்டேன்.

பொறுப்பு ஹலினாவுக்கு. ஆனால் இந்த வெளியீட்டில் கிடையாது, சாத்திய கதவு சாத்தியதுதான். கோணூசியை நம்பியிருந்த மூட்டைக்காரர்களில் பாதிப் பேர் யோர்கன் சொன்ன புதுக் கருவிக்குப் போய்விட்டார்கள். அடுத்த வெளியீட்டுக்குள் அவர்களும் மிச்சப்பேரும் என்ன செய்வார்களோ தெரியாது. என் மூன்று விடுப்புக் கடிதத்தின் விலை அது.

உங்கள் பெயரை எங்கே வைக்கட்டும் என்று ஹலினா கேட்டார். கைலாசம் யோசித்துச் சொன்னான், முதலில் எழுதியவன் என்ற வரியில் இருக்கட்டும், பார்த்துக்கொள்பவர் என்ற வரியில் உங்கள் பெயர் மட்டும் போதும் என்று. கேட்டுவிட்டு அந்த அம்மா எழுதிக்கொண்டார். ரொம்ப நேரமெல்லாம் ஆகவில்லை.

கூட்டம் முடிகிற நேரத்தில் யோர்கன் ஏதோ சொன்னார், கைலாசம் சிரித்தான். என்னவென்று கேட்டேன். “மாமா உசுரோட இருக்கது ரொம்ப சந்தோசங்கான்.”

அக்டோபர் 18

ஐப்பசி பிறந்தது. தீபாவளிச் சீட்டுப் பலகாரத்துக்கு ஆள் வந்தது. வேலாயுதத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன், சாவு உட்பட. பதினாறுக்கு என்ன பலகாரம் போட்டீர்கள் என்று கேட்டான்.

அக்டோபர் 21

கைலாசம் பதினொன்றரைக்கு எழுந்தான். கைலியோடு முன்னறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலைக்கு மனு எழுதினான். புக்கிங் எழுத எனக்கு லேப்டாப் இல்லை. பழையபடி நோட்டுதான்.

அக்டோபர் 27

முகூர்த்தம். பரிமாற வேண்டிய ஆள் இரண்டு பேர் வரவில்லை. ஒருவனுக்குக் காய்ச்சலாம், நம்பினேன். கைலாசம் தானாகவே வந்து மோர் வாளியைத் தூக்கிக்கொண்டான்.

கடைசிப் பந்தி. பெண்ணின் சித்தப்பா, ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி மண்டி வைத்திருப்பவர், இலை முன்னால் உட்கார்ந்து இவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி மேனேஜர் மகனாமே. எங்க வேல பாக்குறீங்க?”

நான் பாத்திர அறை வாசலில் நின்று சாம்பார் வாளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சென்னைக் கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை என்கிற பதில் என் வாயில் தயாராக இருந்தது. பத்து மாதமாக அதை நான் யாருக்கும் தாமதமாகச் சொன்னதில்லை.

“வேல போயிட்டுங்க. தேடிட்டிருக்கேன்” என்றான் கைலாசம்.

“எவ்வளவு நாளாச்சு?”

“தையில இருந்து.”

அவர் இலையை ஒரு முறை பார்த்தார்.

“செரி. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க தம்பி. உப்புப் பத்தல.”

இவன் உப்பு எடுக்கப் போனான். எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வாளிகளைப் பிரித்து வைத்து முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.